மருந்து அடித்தவருக்கு ஏன் வயிற்றால் போகிறது? குடல் நீரும் நரம்பு ரசாயனங்களும்

சந்தூர் மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு சந்தூர் பக்கம். பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. பூ எடுத்த நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தோம். அடித்த தம்பி காலையில் வீட்டில் களி சாப்பிட்டுவிட்டு வந்தவர். வெளியே எதுவும் சாப்பிடவில்லை, மருந்து வாயில் படவும் இல்லை. பவர் ஸ்பிரேயர் ஓஸ் மூட்டில் கசிந்து முதுகும் கையும் நனைந்திருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் தண்ணியாக வயிற்றால் போக ஆரம்பித்தது. வாயில் எச்சில் நிற்கவே இல்லை, துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்வை வேறு. "களி ஒத்துக்கலை" என்று சொல்லி, பேதி நிற்கிற மாத்திரை வாங்கிப் போட்டார்கள். நிற்கவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகுதான் வாய் காய்ந்தது, பேதியும் நின்றது. இப்போது நன்றாக இருக்கிறார்.

என் கேள்வி இதுதான். தோலில் பட்ட மருந்து குடலில் எப்படித் தண்ணீரைக் கொட்ட வைத்தது? டாக்டர் "அது நரம்பு சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அன்றைக்குக் கூட்டம் அப்படி, அவரைக் குறை சொல்லவில்லை.

போச்சம்பள்ளி உரக்கடை

என்ன மருந்து அடித்தீர்கள் அண்ணா? டப்பாவில் இருக்கும் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள். தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் அடித்தால் ஒரு கதை, "பாஸ்" என்று முடிகிற மருந்து அடித்தால் வேறு கதை.

சந்தூர் மாந்தோப்பு

புரோபெனோபாஸ். பக்கத்துக் காட்டுக்காரர் பருத்திக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்தது.

போச்சம்பள்ளி உரக்கடை

நினைத்தேன். பருத்தி மருந்தை மாவுக்கு அடிப்பதைப் பற்றித் தனியாகத் திட்டுகிறேன். இப்போது விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும்.

குடல்பாடம்

தருமபுரியில் உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோபெனோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் இனம். நரம்பின் நுனியில் இருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியேறி அடுத்த செல்லுக்குச் சேதி சொல்கிறது. சொல்லி முடித்ததும் அதை உடைத்துப் போட கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி பக்கத்திலேயே இருக்கும். ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அப்புறம் அசிட்டைல்கோலின் உடையாமல் தேங்கும், சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், கண்ணீர், வேர்வை, மூச்சுக்குழாய்ச் சளி, குடல் நீர் எல்லாம் அந்த ஒரே ரசாயனத்துக்குக் கட்டுப்பட்டவை. அதனால்தான் எல்லாம் ஒன்றாகக் கொட்டுகின்றன. தோல் வழியாகவே மருந்து ரத்தத்தில் கலந்துவிடும், வாயில் பட வேண்டிய அவசியமே இல்லை. களி ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிற்றால் போகலாம், ஆனால் எச்சில் ஒழுகாது, கண்மணி கடுகு மாதிரி சுருங்காது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சரி, குடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் ஒரு நாளில் குடிப்பதும் சாப்பாட்டில் சேர்வதும் சுமார் 2 லிட்டர்தான். ஆனால் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாம் இதோடு சேர்ந்து நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. அதில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மீதி அத்தனையும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஆகவே பேதி வர பெரிய அசம்பாவிதம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. சுரப்பு கொஞ்சம் ஏறி, உறிஞ்சல் கொஞ்சம் இறங்கினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது குடல் சுவருக்குள்ளேயே இருக்கிற நரம்பு வலை. இரண்டு வலைகள் உண்டு. தசை அடுக்குகளுக்கு நடுவே இருப்பது குடலின் நெளிவைக் கவனிக்கிறது. உள்சவ்வுக்குச் சற்றுக் கீழே இருப்பது மைஸ்னர் வலை. நீர் சுரப்பு பெரும்பாலும் இதன் கையில். மூளையில் இருந்தும் தண்டுவடத்தில் இருந்தும் நரம்புகள் வந்து தலையிடும்தான், ஆனால் அவற்றை அறுத்துவிட்டாலும் குடல் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். 1921இல் உடலியங்கியல் அறிஞர் லாங்லி, நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுதியபோது, சிம்பதடிக் (அவசரத்துக்கு உடம்பைத் தயார்செய்வது), பாராசிம்பதடிக் (ஓய்விலும் செரிமானத்திலும் வேலை செய்வது) இரண்டோடு குடல் நரம்பு மண்டலத்தைத் தனி மூன்றாவது பிரிவாக வைத்தார். அதற்கப்புறம் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

மைஸ்னர் வலையில் இருந்து நீர் சுரக்கச் சொல்லிக் கிளம்பும் நரம்புகள் முக்கியமாக இரண்டு ரசாயனங்களை விடுகின்றன. ஒன்று நாம் பேசிய அசிட்டைல்கோலின். இன்னொன்று விஐபி. வாசோஆக்டிவ் இன்டெஸ்டைனல் பெப்டைட் என்பதன் சுருக்கம். 1970இல் சயீத், மட் என்ற இருவரும் பன்றிக் குடலில் இருந்து பிரித்தெடுத்தார்கள். பெயர் ரத்தக்குழாயை வைத்து வந்தது, ஆனால் நம் கதையில் அது நீரைத் திறந்துவிடும் ஆள்.

நர்சிங் செகண்ட் இயர்

சார், ஒரே வேலைக்கு ரெண்டு ரசாயனம் எதற்கு? பரீட்சைக்கு "இரண்டும் சுரப்பைக் கூட்டும்" என்று எழுதினால் முழு மார்க் வந்துவிடுகிறது. ஆனால் வித்தியாசம் புரியவில்லை.

குடல்பாடம்

நல்ல கேள்விம்மா. அதற்கு முதலில் தண்ணீர் எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். குடல் தண்ணீரை நேரடியாக இறைப்பதில்லை. உப்பை வெளியே விடுகிறது, தண்ணீர் உப்பின் பின்னால் போகிறது.

குடலின் உள்பக்கம் விரல் போல முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குடல் விரல்களுக்கு அடியில் சிறு குழிகள் இருக்கின்றன. அங்கிருக்கும் செல்கள்தான் சுரப்பவை. செல்லின் ரத்தப் பக்கத்தில் ஒரு கடத்தி, ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து உள்ளே ஏற்றுகிறது. குளோரைடு செல்லுக்குள் சேர்கிறது. குடல் பக்கத்தில் சிஎஃப்டிஆர் என்ற வாய்க்கால் திறந்தால் அந்தக் குளோரைடு வெளியே பாய்கிறது. அதன் மின்சுமையைச் சமன்செய்ய சோடியம் செல்களின் இடுக்கு வழியாக நழுவி வருகிறது. உப்பு சேர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது.

விஐபி செல்லில் உட்கார்ந்தால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் சேதி கடத்தும் மூலக்கூறு) கூடுகிறது, அது சிஎஃப்டிஆரைத் திறந்துவிடுகிறது. அசிட்டைல்கோலின் வேறு வழி. எம்3 என்ற ஏற்பியில் (செல்லில் சேதியை வாங்கும் புரதம்) உட்கார்ந்து செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றுகிறது. கால்சியம் ரத்தப் பக்கத்துப் பொட்டாசிய வாய்க்கால்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற வெளியேற செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னாகிறது, குளோரைடைப் பிடித்துத் தள்ளும் விசை கூடுகிறது.

சந்தூர் மாந்தோப்பு

அப்படியானால் விஐபி கேட்வால்வைத் திறக்கிறது, அசிட்டைல்கோலின் மோட்டாரின் வேகத்தைக் கூட்டுகிறது. சரியா சார்? வால்வு மூடியிருந்தால் மோட்டார் ஓடியும் பிரயோஜனம் இல்லை.

குடல்பாடம்

கிட்டத்தட்ட அதேதான், இதைவிட நன்றாக என்னால் வகுப்பில் சொல்ல முடிந்ததில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசிட்டைல்கோலின் வேகமாக வந்து சீக்கிரம் அடங்கும், விஐபி நின்று நிதானமாக வேலை செய்யும். இரண்டும் சேரும்போது தனித்தனியாகக் கிடைப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் சுரக்கும்.

விஐபி மட்டும் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அபூர்வ நோயே உண்டு. 1958இல் வெர்னர், மாரிசன் இருவரும் எழுதினார்கள்: கணையத்தில் கட்டி, கூடவே காலரா போல நிற்காத நீர்ப்பேதி, ரத்தத்தில் பொட்டாசியம் சரிவு. கட்டி எதைச் சுரந்து இப்படிச் செய்கிறது என்று அப்போது தெரியாது. அது விஐபிதான் என்று பின்னால் தெரிந்தது. இந்த நோயாளி பட்டினி கிடந்தாலும் பேதி நிற்காது. சாப்பாட்டால் வரும் பேதிக்கும் சுரப்பால் வரும் பேதிக்கும் இருக்கிற வித்தியாசத்தை அங்கே பச்சையாகப் பார்க்கலாம்.

பாட்டி வைத்தியம்

எல்லாவற்றுக்கும் நரம்பு நரம்பு என்கிறீர்கள். காலராவுக்குக் கிருமியின் விஷம் காரணம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த விஷம் நேராகக் குடல் செல்லைத் தாக்குகிறது என்றால் நரம்புக்கு அங்கே என்ன வேலை?

குடல்பாடம்

கிருமியின் விஷம்தான் காரணம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதை நிரூபித்தவர் கல்கத்தாவில் இருந்த சம்பு நாத் டே. முயல் குடலின் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினால் அது நீரால் உப்புவதை 1953இல் காட்டினார். பிறகு கிருமியையே வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தியும் அதே விளைவு வருவதை 1959இல் எழுதினார். அந்த விஷம் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றிவிட்டு இறங்கவிடாமல் வைத்துக்கொள்கிறது. நரம்பே இல்லாத செல்களை மட்டும் எடுத்து வைத்து விஷத்தைச் சேர்த்தாலும் அவை சுரக்கும். அதனால் உங்கள் கேள்வி நியாயமானது.

ஆனால் ஸ்வீடனில் கோதன்பர்க்கில் லுண்ட்கிரென் குழுவினர் பூனை, எலிக் குடல்களில் வேறொன்றைப் பார்த்தார்கள். காலரா விஷத்தால் நீர் சுரந்துகொண்டிருக்கும் குடலில் லிடோகைன் போன்ற மரப்பு மருந்தை இட்டால் சுரப்பு வெகுவாகக் குறைந்தது. நரம்பின் மின்துடிப்பை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் கொடுத்தாலும் அதே. நரம்புக்கு நரம்பு சேதி போவதைத் தடுக்கும் ஹெக்ஸமெத்தோனியம் கொடுத்தாலும் அதே. விஷம் செல்லை மட்டும்தான் தாக்குகிறது என்றால் நரம்பை மரக்கவைத்தால் நீர் ஏன் குறைய வேண்டும்?

அவர்கள் சொன்ன விளக்கம்: குடல் உள்தோலில் அங்கங்கே செரோட்டோனின் நிரம்பிய செல்கள் இருக்கின்றன. நம் உடம்பின் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான், மூளையில் இருப்பது சொற்பம். விஷம் அந்தச் செல்களைத் தூண்டுகிறது, அவை செரோட்டோனினை விடுகின்றன, அது உணர்வு நரம்பைத் தொடுகிறது, அந்த நரம்பு மைஸ்னர் வலைக்குச் சொல்கிறது, வலை குழிகளில் விஐபியை விடச் சொல்கிறது. விஷம் படாத இடத்திலும் நீர் கொட்டுவதற்கு இந்தச் சுற்று ஒரு காரணம். நேரடித் தாக்குதல் எவ்வளவு, நரம்பு வழி எவ்வளவு என்ற விகிதத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. எனக்கு லுண்ட்கிரென் பக்கம் சாய்வு, அதை மறைக்கவில்லை. அதே குழு 2000இல் ரோட்டா வைரஸ் பேதியிலும் குடல் நரம்புகளுக்குப் பங்கு இருப்பதை எலிகளில் காட்டியது. நம் ஊரில் குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கி ஒரு சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அந்த ரோட்டாதான்.

நர்சிங் செகண்ட் இயர்

சார், பயத்துக்கு வருமே? பிராக்டிகல் அன்றைக்குக் காலையில் எங்கள் ஹாஸ்டல் பாத்ரூம் வாசலில் வரிசை. ஆனால் பயம் வந்தால் சிம்பதடிக் வேலை செய்யும், அது குடலை அடக்கும் என்றுதான் படித்தோம். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு மலச்சிக்கல் அல்லவா வரணும்?

குடல்பாடம்

வகுப்பில் இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வருஷமும் எதிர்பார்ப்பேன்.

நீங்கள் படித்தது சரி. சிம்பதடிக் நரம்பு விடும் நார்அட்ரினலின், மைஸ்னர் வலையின் நரம்புகளில் ஆல்ஃபா 2 ஏற்பியில் உட்கார்ந்து அவற்றை அடக்குகிறது. சுரப்பு குறைகிறது, உறிஞ்சல் கூடுகிறது. ரத்தம் நிறைய போனவருக்கும், வெயிலில் வேர்த்து நீர் வற்றியவருக்கும் இது உயிர்காக்கும் ஏற்பாடு. உடம்பில் நீர் குறையும்போது குடலில் இருந்து சொட்டு விடாமல் மீட்டெடுக்கச் சொல்கிறது.

ஆனால் மனக்கலக்கம் வந்தால் மூளை அதை மட்டும் செய்வதில்லை. கார்ட்டிகோட்ரோபின் ரிலீசிங் ஃபாக்டர் என்ற ரசாயனம் மூளையில் எழும்புகிறது. அது மேல் வயிற்றை அடக்கி, அதே நேரத்தில் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் இருந்து பெருங்குடலுக்குப் போகும் பாராசிம்பதடிக் நரம்புகளை முடுக்குகிறது. அதனால்தான் பரீட்சை அன்று இட்லி இறங்காது, ஆனால் கீழே அவசரம். குடல் சுவரில் இருக்கும், அலர்ஜியில் வேலை செய்கிற மாஸ்ட் செல்களும் அதே ரசாயனத்துக்கு மசிந்து ஹிஸ்டமினை விடும், அது திரும்பவும் சுரப்பு நரம்புகளைக் கிளறும். சிம்பதடிக் என்றால் அடக்கம், பாராசிம்பதடிக் என்றால் ஓட்டம் என்று அட்டவணை போட்டு நெட்டுரு பண்ணியதால் வரும் குழப்பம் இது. நிஜத்தில் இரண்டும் ஒரே நேரத்தில், வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும்.

அதியமான்கோட்டை

பெரியவர்களுக்கும் இடம் உண்டா இந்த இழையில்? எனக்குச் சர்க்கரை நெடுநாளாக. ராத்திரி தூக்கத்தில் இருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, வலி கிடையாது, தண்ணியாகப் போகும். சில நாள் அறவே போகாது. காலில் மரமரப்பும் உண்டு. டாக்டர் மாத்திரையால் இருக்கலாம் என்று முதலில் அதை மாற்றிப் பார்க்கிறேன் என்றார். இதற்கும் நீங்கள் சொல்கிற நார்அட்ரினலினுக்கும் சம்பந்தம் இருக்குமா தம்பி?

குடல்பாடம்

ஐயா, உங்கள் டாக்டர் செய்வது சரியான வரிசை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை நிறைய பேருக்கு வயிற்றைக் கலக்கும், அதை முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும். பித்த அமிலம், குடலில் கிருமிப் பெருக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. இங்கே உட்கார்ந்து உங்களுக்கு நோய் சொல்வது முறையல்ல, பொதுவாகச் சொல்கிறேன்.

நெடுநாள் சர்க்கரை கால் நரம்பைக் கெடுப்பது போலவே உள்ளுறுப்பு நரம்புகளையும் கெடுக்கும். குடலுக்கு வரும் சிம்பதடிக் நரம்புகள் அப்படிக் கெட்டுப் போனால், அடக்கிக்கொண்டிருந்த நார்அட்ரினலின் வராது. அடக்க ஆள் இல்லாததால் சுரப்பு மேலோங்கும். இந்த அடக்குமுறை இருப்பது வெகு பழைய காலத்திலேயே தெரியும். பிரான்சில் மோரோ 1868இல் ஒரு குடல் துண்டுக்கு வரும் நரம்புகளை மட்டும் அறுத்துப் பார்த்தார், அந்தத் துண்டு நீரால் நிறைந்தது. யாரும் தூண்டாமலேயே, தடுப்பதை எடுத்ததும் வந்த நீர் அது. சர்க்கரையால் வரும் இவ்வகைப் பேதிக்குச் சில நேரம் குளோனிடின் கொடுத்துப் பார்ப்பார்கள். அதே ஆல்ஃபா 2 ஏற்பியில் உட்காரும் மருந்து. ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும், எழுந்து நின்றால் தலைசுற்றும், ஆகவே நீங்களாகக் கேட்டு வாங்கும் மருந்தல்ல. காலில் மரமரப்பு இருப்பதையும், ராத்திரியில் போவதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனி வியாதி என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

பாட்டி வைத்தியம்

நீங்கள் சொல்கிற அசிட்டைல்கோலின் பேரெல்லாம் எங்கள் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போட்டால் வாயில் நீர் ஊறும், காலையில் வயிறும் சுத்தமாகும். இது தெரிந்துதானே வைத்தார்கள்?

குடல்பாடம்

அண்ணா, இந்த முறை நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள். பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அசிட்டைல்கோலின் உட்காரும் அதே மஸ்கரினிக் ஏற்பியில் (மேலே சொன்ன எம்3 இந்த வகைதான்) இதுவும் உட்காரும். எச்சில் ஊறுவது, வேர்ப்பது, குடல் இளகுவது எல்லாம் அதனால்தான். ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு நீக்க அரிகோலினைக் கொடுத்தார்கள். அது புழுவையும் தளர்த்தும், பேதியும் ஆக்கும். ஆனால் பாக்கு வாய்ப் புற்றுக்கு வழி என்பது உறுதியான விஷயம், மலச்சிக்கலுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதற்கு நேர் எதிர் நம் ரோட்டோரம் எல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கும் ஊமத்தை. அதில் அட்ரோப்பினும் அதன் உறவுக்காரப் பொருட்களும் உண்டு. அவை அதே ஏற்பியை அடைத்துவிடும். ஊமத்தை விதை தின்றவருக்கு வாய் வறளும், தோல் காயும், கண்மணி விரியும், குடல் அடங்கிப் போகும், புத்தியும் பேதலிக்கும். மருந்து அடித்த தம்பிக்கு வந்த ஒவ்வொன்றையும் தலைகீழாக்கினால் ஊமத்தை விஷம். அதனாலேயே அவருக்குப் போட்ட ஊசி அட்ரோப்பினாகத்தான் இருந்திருக்கும்.

போச்சம்பள்ளி உரக்கடை

யாராவது இதைப் படித்துவிட்டு மருந்து அடித்தவனுக்கு ஊமத்தைக் கொட்டையை அரைத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். பெரிய எழுத்தில் போடுங்கள் சார், கொடுக்கக் கூடாது என்று.

பாலக்கோடு நர்ஸக்கா

கொடுக்கவே கூடாது. விதைக்கு விதை அளவு மாறும், ஆளே போய்விடுவார். ஆஸ்பத்திரியில் அட்ரோப்பினை ஒரே அளவாகக் கொடுப்பதில்லை. கொடுத்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்து, சளி இரைச்சல் அடங்குகிற வரை திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். பேதி நிற்பது எங்களுக்கு அளவுகோல் அல்ல. இந்த விஷத்தில் ஆளைக் கொல்வது பேதி இல்லை, நெஞ்சில் சேரும் நீரும் மூச்சுத் தசை சோர்ந்து போவதும்தான். தசை சோர்வை அட்ரோப்பின் சரிசெய்யாது, அது வேறு ஏற்பி. அதனால் பேதி நின்றுவிட்டது என்று யாரும் எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் பக்கம் தக்காளிக்கு அடிக்கிற சீசனில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், கழற்றுகிறவர் கையில் உறை போட்டுக்கொள்ளட்டும். சோப்பு போட்டு உடம்பு, தலைமுடி, நகக்கண் எல்லாம் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவை, முடியாவிட்டால் லேபிளின் போட்டோவையாவது கொண்டு வாருங்கள். முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்று மட்டும் சொன்னால் போதாது, பெயர் வேண்டும். உரக்கடைக்காரர் சொன்ன இமிடாகுளோபிரிட் கோலினெஸ்டிரேஸை முடக்காது, அதற்கு வைத்தியம் வேறு.

சந்தூர் மாந்தோப்பு

அக்கா, அந்தப் பேதி மாத்திரை போட்டது தப்பா? எல்லோர் வீட்டிலும் இருக்கிற மாத்திரைதானே.

பாலக்கோடு நர்ஸக்கா

லோபெரமைடு என்றால், அது முக்கியமாகக் குடலின் ஓட்டத்தை நிறுத்துகிற மருந்து. சுரப்பை அது பெரிதாகத் தொடாது. சுரந்த நீர் உள்ளேயே தேங்கும், வெளியே தெரியாது. நாங்கள் பேதி குறைந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். சாதாரணப் பேதியிலேயே ரத்தம் கலந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அதைக் கொடுப்பதில்லை, சின்னக் குழந்தைகளுக்கு அறவே இல்லை. விஷம் பட்டவருக்கு அதைப் போட்டதில் வீணானது நேரம், அதுதான் பெரிய நஷ்டம்.

நர்சிங் செகண்ட் இயர்

அப்போ சுரப்பையே குறைக்கிற மருந்து இல்லையா? வார்டில் குழந்தைகளுக்கு ரேசகாடோட்ரில் பொடி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

குடல்பாடம்

அது அந்த வகைதான். நம் குடலே என்கெஃபலின் என்ற ரசாயனத்தை விடுகிறது, அபின் இனத்தைச் சேர்ந்த சொந்தத் தயாரிப்பு. அது செல்லில் சைக்ளிக் ஏஎம்பியை இறக்கி சுரப்பைத் தணிக்கும். ஆனால் ஒரு நொதி அதைச் சீக்கிரமே உடைத்துவிடும். ரேசகாடோட்ரில் அந்த நொதியைத் தடுக்கிறது, என்கெஃபலின் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது. குடல் ஓட்டத்தை அது நிறுத்துவதில்லை. பூச்சி மருந்து செய்வதும் இதுவும் அமைப்பில் ஒன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் உடைக்கிற நொதியைத் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட நொதி எந்த ரசாயனத்தை உடைப்பது என்பதில் இருக்கிறது மருந்தா விஷமா என்பது.

நம் உடம்பே விடுகிற சோமடோஸ்டேடின் என்ற ரசாயனமும் சுரப்பை அடக்குகிற கட்சி. அதன் செயற்கை வடிவம் ஆக்ட்ரியோடைட், மேலே சொன்ன விஐபி கட்டிக்குக் கொடுப்பது.

பென்னாகரம்

தாமதமாக வருகிறேன். எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகு பரவாயில்லை, ஆனாலும் குழாயில் வராத நாளில் போர்தான். பெரியவர்களுக்குப் பல் கறை, மூட்டு வலி தெரியும். வயிறு உப்புசம், அவ்வப்போது பேதி என்றும் சொல்கிறார்கள். ஃபுளோரைடு சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் என்று எங்கோ படித்தேன். அப்போ இதுவும் காலரா மாதிரி வேலை செய்கிறதா?

குடல்பாடம்

படித்தது சரி, பொருத்தியதுதான் சிக்கல். ஃபுளோரைடு சைக்ளிக் ஏஎம்பி உண்டாக்கும் நொதியைத் தூண்டுவதை 1958லேயே ரால், சதர்லாந்து இருவரும் கண்டார்கள். அலுமினியம் துளி சேர்ந்தால்தான் அது நடக்கிறது என்று 1982இல் ஸ்டெர்ன்வெயிஸ், கில்மன் காட்டினார்கள். காலரா விஷம் கைவைக்கும் அதே ஜி புரதம்தான் (அந்த நொதியை முடுக்கிவிடும் புரதம்) இங்கும். ஆனால் ஆய்வகத்தில் பயன்படுத்துவது லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவு. அதை எடையில் சொன்னால் லிட்டருக்கு 190 மில்லிகிராம் ஃபுளோரைடு. குடிநீருக்கு அனுமதித்த மேல் வரம்பு 1.5 மில்லிகிராம். மோசமான போர்த் தண்ணீரில் அது சில மடங்கு இருக்கும், நூறு மடங்கு இருக்காது. ஆக அந்த வழியில் பேதி வருகிறது என்று சொல்ல முடியாது.

வயிற்றுத் தொந்தரவு பொய் என்று சொல்லவில்லை. ஃபுளோரைடு இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகி உள்சவ்வை அரிக்கக்கூடியது. ஃபுளோரைடு பாதிப்புள்ள பகுதிகளில் உப்புசம், வயிற்றுவலி, குமட்டல் பதிவாகியிருக்கின்றன. அது உறுத்தலால் வருவது, நரம்புக் கதை அல்ல.

பென்னாகரம்

இப்போது கணக்கு பிடிபட்டது சார். போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குறையுமா?

குடல்பாடம்

குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கிருமிக்குத்தான் கொதிக்கவைப்பது.

பாலக்கோடு நர்ஸக்கா

அதையும் சொல்லிவிடுகிறேன், ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கிற உப்பு, குளுக்கோஸ் பொடி) கலக்கும்போது அந்தக் கூட்டுக்குடிநீரைப் பிடித்து வைத்துக் கலக்குங்கள். சார், எங்கள் சென்டரில் அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்று: "உள்ளே போனதெல்லாம் வெளியே வருதே, இன்னும் தண்ணி குடுத்தா இன்னும் போகாதா?" நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். நீங்கள் சொல்லுங்கள்.

குடல்பாடம்

சுரப்பது குழியில் இருக்கும் செல், உறிஞ்சுவது பெரும்பாலும் குடல் விரலின் மேல்பக்கத்துச் செல். சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் சாதாரண உப்பை உறிஞ்சும் வழி அடைபடும். ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் எஸ்ஜிஎல்டி 1 என்ற கடத்தியை அது தொடுவதில்லை. அந்த வழி காலராவின் உச்சத்திலும் திறந்தே இருக்கும். வெறும் தண்ணீருக்கு அந்த வழி கிடைக்காது, உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்திருந்தால் கிடைக்கும். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்னில், வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்தே ஆட்களைக் காப்பாற்றினார். அங்கே நரம்பையும் நிறுத்தவில்லை, சுரப்பையும் நிறுத்தவில்லை. காலரா முற்றினால் பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். போகிற அளவுக்கு உள்ளே ஏற்றினார், அவ்வளவுதான்.

அம்மாக்களிடம் "போகிறது போகட்டும், இது வேறு வழியாக உள்ளே ஏறும்" என்று சொல்லுங்கள் அக்கா. இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறி, தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் குடலுக்கு வரும்.

பாலக்கோடு நர்ஸக்கா

டம்ளரில் கலக்குவது இங்கே வாரம் தவறாமல் நடக்கிறது. சின்ன பாக்கெட்டும் வருவதால் எது லிட்டருக்கு, எது டம்ளருக்கு என்று குழப்பம். பாக்கெட்டின் மேலேயே அளவு போட்டிருக்கும், படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பாட்டில் நிறைய ஊற்றி ஒரு பாக்கெட், 24 மணி நேரம் தாண்டினால் கீழே கொட்டிவிட்டுப் புதுசு.